காணாக்கடி: அன்று அத்தைக்கு, இன்று தங்கை மகளுக்கு

தாமிரபரணிக் கரையில் எங்கள் பக்கத்து ஊர்களில், உடம்பெல்லாம் திடீரென்று தடிப்புத் தடிப்பாக எழும்பி ஊறல் எடுத்தால் காணாக்கடி என்பார்கள். ஏதோ கடித்துவிட்டது, கடித்தது கண்ணில் படவில்லை என்று கணக்கு. பாதி வீடுகளில் அது பூரான்தான் என்று தீர்ப்பே ஆகிவிடும். பாயை உதறுவார்கள், தலையணை உறையைக் கழற்றுவார்கள், அரிசிப் பானைக்குப் பின்னால் விளக்கைக் காட்டித் தேடுவார்கள். பூரான் கிடைக்காது. ஆனாலும் கைவைத்தியம் தயாராக இருக்கும். வெற்றிலையில் நல்லமிளகை வைத்து மென்று விழுங்க வேண்டும். அதற்குமேல் ஒரு துண்டு கருப்பட்டி. குப்பைமேனி இலையைக் கல்லுப்பு சேர்த்து அரைத்து மேலெல்லாம் பூசி, காய்ந்த பிறகு குளிக்க வேண்டும். கறுப்புக் கம்பளியை எடுத்து முதுகில் அழுத்தித் தேய்த்துவிடுவதும் உண்டு. எதற்கும் அடங்காவிட்டால் பாடம் போடுகிறவரிடம் போவார்கள். அவர் வேப்பங்குழையால் உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை வருடி, திருநீறு பூசி அனுப்புவார்.

மறுநாள் காலையில் தடிப்பு இருக்காது.

இருக்காது என்பதுதான் காணாக்கடியின் இயல்பு. எழும்பிய ஒரு தடிப்பு சில மணி நேரத்தில் தானே அமுங்கிவிடும். ஒரே இடத்தில் 24 மணி நேரத்துக்குமேல் நிற்பது அபூர்வம். போகும்போது தழும்போ கறுப்போ எதையும் விட்டுவைக்காது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வருகிறது. பெரும்பாலானவர்களுக்குச் சில நாளில், அதிகம் போனால் சில வாரத்தில் நின்றும் விடுகிறது. ஆகவே அன்றைக்குச் செய்தது எதுவாக இருந்தாலும் பலித்தது. வெற்றிலையும் பலித்தது, பாடமும் பலித்தது. அந்த வைத்தியங்களை இறக்கிப் பேச எனக்கு மனம் வரவில்லை. நடுராத்திரியில் ஒரு பிள்ளை அரிப்பில் துடிக்கும்போது ஆச்சி எழுந்து உட்கார்ந்து, விளக்கேற்றி, தன் கையால் இலையை அரைத்துப் பூசினாள். விடியும்வரை பக்கத்தில் இருந்தாள். அந்தப் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் நிற்காமல் வந்தவர்களும் இருந்தார்கள். என் அப்பாவின் தங்கை அப்படிப்பட்டவள்.

அத்தைக்கு இது தொடங்கியது எழுபதுகளில், கல்யாணமாகிப் போன புதிதில். முதலில் பூரான் என்றார்கள். வாரக்கணக்கில் தினமும் பூரான் கடிக்குமா என்று யாரோ கேட்ட பிறகு, குற்றவாளி வீட்டு மூலையிலிருந்து அடுக்களைக்கு இடம் மாறியது. கத்தரிக்காய் நிறுத்தப்பட்டது. பிறகு கருவாடு. பிறகு முட்டை, வாழைக்காய், இறால், நிலக்கடலை, புளி. கரப்பான் பண்டம் என்று பெயர் வாங்கிய எதுவும் அவள் இலையில் விழாது. கொஞ்ச நாளில் மற்றவர்களுக்குக் குழம்பு வைத்து இறக்கிவிட்டு, அத்தை ரசஞ்சோறும் வறுத்த பயறும் சாப்பிடுவது வழக்கமாகிவிட்டது. தடிப்பு மட்டும் போகவில்லை. ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் மாமியார் கேட்கிற முதல் கேள்வி, “என்னத்தத் தின்ன?” அந்தக் கேள்வியில் அக்கறையும் இருந்திருக்கும். ஆனால் வாயைக் கட்டிக்கொண்டு இருந்த ஒருத்தி தினமும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மறைத்து எதையோ தின்கிறாள் என்று பேச்சு வந்தது. ரத்தம் கெட்டுப்போனவள் என்றார்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து அவள் துண்டைத் தனியாக வைத்தார்கள். காணாக்கடி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. அதை உறுதியாகச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை.

இன்று எனக்குத் தெரிந்ததை வைத்து அத்தையின் அந்தக் காலத்து நாளொன்றை நினைத்துப் பார்க்கிறேன். விடிகாலையில் ஆற்றிலிருந்து இடுப்பில் பித்தளைக் குடத்தைச் சுமந்து வருவாள். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டியிருப்பாள். பகல் சாப்பாடு முடிகிற நேரத்தில் அதே இடுப்பு வீங்கிச் சிவந்து கன்றிப்போகும். அப்போதுதான் சாப்பிட்டிருப்பதால் பழி குழம்பின் மேல் விழும். அழுத்தத்தால் வருகிற காணாக்கடி என்று ஒரு வகை உண்டு. குடம், நாடா, பை வார், இடைவார் என்று எது தோலை அழுத்தினாலும், அழுத்திய உடனே ஒன்றும் தெரியாது. நாலு, ஆறு மணி நேரம் கழித்துத்தான் வீங்கும். அரிப்பைவிட வலியும் எரிச்சலும் கூடுதலாக இருக்கும், ஒரு நாளைத் தாண்டியும் நிற்கும். சாதாரணத் தடிப்போடு சேர்ந்தே பலருக்கு இதுவும் வரும். காலையில் நடந்ததன் விளைவு மதியம் தெரிகிறதென்றால், நடுவில் சாப்பிட்டதெல்லாம் சந்தேகத்துக்கு ஆளாகும். குடத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

கம்பளி வைத்தியத்துக்கும் இப்படி ஒரு மறுபக்கம் உண்டு. சிலருடைய தோலில் நகத்தால் ஒரு கோடு இழுத்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் அந்தக் கோடே புடைத்து நிற்கும், பேர்கூட எழுதலாம். அப்படிப்பட்ட தோலைக் கம்பளியால் தேய்த்தால் தேய்த்த இடமெல்லாம் எழும்பும். பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1927-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த நிகழ்வைப் படிப்படியாக விவரித்தார். கீறிய இடம் சிவக்கும், சுற்றிலும் சிவப்பு பரவும், பிறகு கீறிய இடம் தடிக்கும். தோலுக்குள் ரத்தக் குழாய்களை ஒட்டி மாஸ்ட் செல்கள் இருக்கின்றன. 1878-லேயே பால் எர்லிக் அவற்றுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார். அவற்றுக்குள் ஹிஸ்டமின் பொதிந்திருக்கிறது. அது வெளியே கொட்டும்போது நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது, தோல் மேடாகிறது, நரம்பு முனைகள் தூண்டப்பட்டு அரிப்பு எடுக்கிறது. காணாக்கடி என்பது இவ்வளவுதான். மாஸ்ட் செல்லைத் தூண்டியது எது என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

அத்தையைக் கடைசியில் டவுன் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். இரண்டு ஊசி போட்டார். பஸ் ஏறி ஊர் வந்து சேர்வதற்குள் உடம்பு தெளிந்துவிட்டது. வீடே கும்பிட்டது. ஒன்று ஹிஸ்டமினைத் தடுக்கிற அவில், மற்றது ஸ்டீராய்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டோம். ஊசியின் வேகம் தணிந்ததும் தடிப்பு திரும்ப வந்தது, திரும்ப ஊசி. இப்படியே ஓடியதில் அத்தையின் முகம் உப்பி வட்டமாகிவிட்டது. பார்த்தவர்கள் உடம்பு தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். அது ஸ்டீராய்டின் வேலை. தாங்க முடியாத தருணத்தில் சில நாட்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பது இன்றும் மருத்துவர்கள் செய்வதுதான். மாதக்கணக்கில் தொடர்ந்தால் சர்க்கரை ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், எலும்பு மெலியும்.

அவில் மாத்திரை அதன் பிறகு எங்கள் வீடுகளில் குடியேறியது. எவர்சில்வர் டப்பாவில் மூக்குப்பொடி, தைலத்தோடு அதுவும் இருக்கும். ஹிஸ்டமினைத் தடுக்கிற முதல் மருந்தைப் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவேயும் ஆன்-மரி ஸ்டாபும் 1937-ல் கண்டுபிடித்தார்கள். அது மனிதர்களுக்குக் கொடுக்கத் தகுந்ததாக இல்லை. ஆனால் அதன் வழியே வந்த மருந்துகள் உலகமெங்கும் பரவின, 1957-ல் போவேவுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்தத் தலைமுறை மருந்துகளுக்கு ஒரு குணம். ரத்தத்திலிருந்து மூளைக்குள்ளும் புகுந்துவிடும். அத்தை அவில் போட்ட நாளில் அடுப்படியிலேயே தலை சாய்ந்து தூங்கிவிடுவாள். பால் பொங்கி வழியும். அரிப்பு நின்றதா என்று யாரும் கேட்டதில்லை, சோம்பேறி என்ற பெயர் மட்டும் நின்றது.

தொண்ணூறுகளில் செட்ரிசின் வந்தது. அதன் பிறகு வந்த லெவோசெட்ரிசின், பெக்சோபெனடின், பிலாஸ்டின் எல்லாம் மூளைக்குள் அதிகம் போகாத இரண்டாம் தலைமுறை. செட்ரிசின் மட்டும் சிலருக்கு இன்னும் கொஞ்சம் அசத்தும். இன்று காணாக்கடிக்கு முதலில் எழுத வேண்டியது இந்த இரண்டாம் தலைமுறை மருந்துதான் என்பதில் உலக மருத்துவ வழிகாட்டிகள் ஒருமித்திருக்கின்றன. ஆனாலும் பிள்ளை ராத்திரி தூங்கட்டும் என்று பழைய சிரப்பைக் கேட்டு வாங்கிப்போகிற பெற்றோரை மருந்துக்கடையில் இன்றும் பார்க்கிறேன். அந்தத் தூக்கம் நல்ல தூக்கம் இல்லை. மறுநாள் பள்ளியில் பாடம் மண்டையில் ஏறாது.

இப்போது என் தங்கை மகளுக்கு வருகிறேன். சென்னையில் வேலை பார்க்கிறாள். சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் இரவு தொடை, வயிறு, கழுத்து என்று எழும்பியது. ஆச்சியும் இல்லை, குப்பைமேனியும் இல்லை. கைப்பேசியில் படம் எடுத்து எங்கள் எல்லோருக்கும் அனுப்பினாள். அது நல்ல காரியம், ஏனென்றால் மறுநாள் மருத்துவர் முன்னால் உட்காரும்போது காட்டுவதற்குத் தோலில் ஒன்றுமே இருக்காது. அத்தையை எத்தனையோ தடவை மாட்டு வண்டியிலும் பஸ்ஸிலும் கூட்டிப்போய், வைத்தியர் பார்க்கும்போது உடம்பு வெறுமையாக இருந்து, “ஒண்ணுமில்லையே” என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

ஆனால் அடுத்து நடந்ததைப் பார்த்தபோது காலம் மாறவே இல்லை என்று தோன்றியது. வாரங்கள் கடந்தும் தடிப்பு நிற்காததால், அவளாகவே ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுத்தாள். நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு எதிராக ரத்தத்தில் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கிற பரிசோதனை. பல ஆயிரம் ரூபாய். வந்த தாளில் பால், கோதுமை, துவரம் பருப்பு, நிலக்கடலை, முட்டை எல்லாம் சிவப்பு எழுத்தில் இருந்தன. எல்லாவற்றையும் நிறுத்தினாள். ஆளே பாதியாகிவிட்டாள். தடிப்பு அப்படியே இருந்தது. அத்தைக்கு மாமியார் போட்ட பட்டியலை இவளுக்கு ஒரு இயந்திரம் போட்டது. இவளே விரும்பிப் போய் வாங்கி வந்தாள் என்பது ஒன்றே வித்தியாசம்.

ஐ.ஜி.இ.யை 1966-ல் இஷிசாகா தம்பதியர் கண்டறிந்தது மருத்துவத்தில் பெரிய பாய்ச்சல். ஆனால் ரத்தத்தில் அது இருக்கிறது என்பதற்கு, உடம்பு அந்தப் பொருளை அடையாளம் வைத்திருக்கிறது என்று மட்டுமே பொருள். தின்றால் ஒவ்வாமை வரும் என்று ஆகாது. பல வருடம் இட்லி சாம்பார் சாப்பிட்டு ஒன்றும் ஆகாத ஒருத்திக்குத் துவரம் பருப்பு சிவப்பில் வந்தால், நம்ப வேண்டியது அவள் சாப்பிட்ட சாம்பாரை. ஆறு வாரத்துக்குமேல் நீடிக்கிற காணாக்கடியில் பெரும்பாலும் உணவுக்கு வேலையே இல்லை. பலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் மாஸ்ட் செல்களைத் தூண்டிவிடுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. தைராய்டுக் கோளாறு சிலருக்குக் கூடவே இருக்கிறது. ஆகவே மருத்துவர்கள் கேட்கிற பரிசோதனை சின்னதுதான். ரத்த அணுக்களின் கணக்கு, அழற்சியின் அளவு, தேவையென்றால் மொத்த ஐ.ஜி.இ.யும் தைராய்டு எதிர்ப்பொருளும்.

தங்கை மகள் பிறகு பார்த்த தோல் மருத்துவர் அந்தச் சிவப்புத் தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, அவள் முழங்கையருகே இருந்த ஒரு தடிப்பைச் சுற்றி வட்டம் போட்டார். பக்கத்திலேயே மணியையும் எழுதினார். “இது எப்ப மறையுதுன்னு பாத்துட்டு வாங்கம்மா. ஒரு நாளைக்குமேல நின்னாலோ, கன்றின மாதிரி கறுத்தாலோ அது வேற. உடனே வரணும்” என்றார். அந்த வட்டம் மூன்று மணி நேரத்தில் காலியாகி, வேறு இடத்தில் புதிதாக எழும்பியிருந்தது. அவள் படம் எடுத்து அனுப்பினாள், நீல வட்டத்துக்குள் வெறும் தோல். காசு செலவில்லாத இந்தச் சோதனையை அத்தைக்கு யாராவது செய்திருக்கலாமே என்று எனக்கு அன்று முழுதும் ஆற்றாமையாக இருந்தது.

அடுத்து ஒரு குறிப்பேடு. தினமும் எத்தனை தடிப்பு என்பதற்கு 0 முதல் 3 வரை, அரிப்புக்கு 0 முதல் 3 வரை. ஏழு நாள் கூட்டினால் அதிகபட்சம் 42. ஒரு வாரத்துக்கு 28-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கடுமையானது, 6-க்குள் இருந்தால் கட்டுக்குள் இருக்கிறது. எழுதிக்கொடுத்த மாத்திரையை அரிக்கும்போது மட்டும் போடாமல் தினமும் போடச் சொன்னார். அத்தைக் காலத்துக்கும் இவள் காலத்துக்கும் உண்மையான வித்தியாசம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். குற்றவாளி யார் என்று தேடி முடித்த பிறகுதான் நிம்மதி என்று அத்தையை உட்கார வைத்தோம். இன்று, குற்றவாளி யார் என்று தெரியாமலேயே ஒரு பெண் அரிப்பில்லாமல் தூங்கி எழ முடிகிறது. ஒரு மாத்திரை போதாவிட்டால் மருத்துவர் அதே மாத்திரையை நான்கு மடங்குவரை படிப்படியாக உயர்த்தலாம். அவர் சொல்லித்தான் செய்ய வேண்டும், நாமாகக் கூட்டக்கூடாது. அதிலும் அடங்காதவர்களுக்கு ஒமாலிசுமாப் என்ற ஊசி இருக்கிறது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடுவது. அமெரிக்காவில் 2014-ல் காணாக்கடிக்கு அனுமதி பெற்றது. விலைதான் எட்டாத உயரம், நம்மில் பெரும்பாலோர் வாங்க முடியாது.

அவருடைய இன்னொரு கேள்வியும் முக்கியமானது. வலிக்கு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டார். நாள்பட்ட காணாக்கடி உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ஆஸ்பிரின், இப்யூபுரூபன், டைக்ளோபெனாக் வகை மாத்திரைகள் தடிப்பைக் கிளப்பிவிடும் என்கிறார்கள். அத்தைக்கு மாதவிலக்கு நாளில் பெட்டிக்கடைத் தலைவலி மாத்திரைதான் துணை. அவள் தின்றது, குடித்தது அத்தனையையும் துருவிய வீட்டில் அந்த மாத்திரையைக் கணக்கில் எடுத்தவர் யாரும் இல்லை.

உணவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் தம்பி மகனுக்கு இறால் ஆகாது. சாப்பிட்ட சில நிமிடத்தில் உதடு தடிக்கும், உடம்பெல்லாம் எழும்பும். ஒவ்வொரு தடவையும் அதே பண்டம், அதே வேகம். உண்மையான உணவு ஒவ்வாமை பெரும்பாலும் இப்படித்தான், இரண்டு மணி நேரத்துக்குள் தன்னைக் காட்டிவிடும். நேற்று ராத்திரி சாப்பிட்டதற்கு இன்று சாயங்காலம் எழும்பாது. அவனுக்கு நண்டும் ஆகாது, இறாலில் இருக்கிற அதே டிரோபோமையோசின் என்ற புரதம் நண்டிலும் உண்டு. பொட்டலத்தில் அடைத்த தின்பண்டங்களில் பால், முட்டை, நிலக்கடலை, மீன், இறால் வகை போன்றவை இருந்தால் உறையிலேயே சொல்லியாக வேண்டும் என்று 2020-ன் விதி இருப்பதால், அவன் இப்போது அந்தச் சிறிய எழுத்தைப் படிக்காமல் எதையும் பிரிப்பதில்லை. கல்யாண வீட்டு விருந்தில்தான் சிரமம். இறால் பொரித்த அதே எண்ணெயில் உருளைக்கிழங்கையும் போடுவார்கள்.

மீன் விஷயம் வேறு. அம்பாசமுத்திரம் பக்கம் அன்றைக்கு மீன் வருவது தூத்துக்குடியிலிருந்து, ஓலைக் கூடையில், பஸ் கூரையில். ஐஸ் என்பது பேருக்கு. சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களைக் குளிரில் வைக்காவிட்டால், அவற்றில் இருக்கிற ஹிஸ்டிடினைப் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. அந்தக் குழம்பைச் சாப்பிட்ட வீடே சிவந்து அரித்தால் அது யாருடைய ஒவ்வாமையும் இல்லை, மீனுக்குள் ஏற்கெனவே இருந்த ஹிஸ்டமின். சாளை எங்களுக்குச் சேராது என்று தலைமுறையாக விலக்கி வைத்த குடும்பங்கள் உண்டு. ஐஸ் பெட்டியில் வருகிற இன்றைய மீனைச் சாப்பிட்டால் அவர்களில் பலருக்கு ஒன்றும் ஆகாது.

குற்றாலத்தையும் சொல்லியாக வேண்டும். சீசனில் அருவிக்குப் போய்வந்து உடம்பெல்லாம் தடித்தால், மூலிகைத் தண்ணீர் கெட்ட ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பார்கள். குளிர்ச்சியே சிலருக்கு மாஸ்ட் செல்லைக் கிளறிவிடும். மருத்துவர் முன்கையில் ஐஸ் கட்டியை ஐந்து நிமிடம் வைத்து எடுத்துவிட்டுப் பார்ப்பார், சற்று நேரத்தில் ஐஸ் வைத்த இடம் மேடாகும். இப்படிப்பட்டவர்கள் குளிர்ந்த தண்ணீரில் ஒரேயடியாக முழுகினால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். ஆற்றிலோ குளத்திலோ நடந்தால் உயிர் போகும். இதற்கு நேர் எதிராக, வியர்த்தால் வருவதும் உண்டு. சித்திரை வெயிலில் விளையாடிவிட்டு வருகிற பையனின் மார்பில் கடுகளவில் நூற்றுக்கணக்கில் எழும்பும். வேர்க்குரு என்று பவுடர் போடுவார்கள். வேர்க்குரு நாள்கணக்கில் நிற்கும், இது பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் போய்விடும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். கவரிங் தோடு போட்டுக் காது புண்ணாவது, கறுப்பு மருதாணிக் கூம்பு வைத்த கை கொப்பளிப்பது, தலைச்சாயத்தில் நெற்றி வீங்குவது எல்லாவற்றையும் இப்போது அலர்ஜி என்ற ஒரே பையில் போடுகிறோம். இவை காணாக்கடி அல்ல. நிக்கலோ சாயத்தில் இருக்கிற வேதிப்பொருளோ தோலைத் தொட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்துத் தோன்றி, வாரக்கணக்கில் நீர் வடிந்து செதிலாகும். செட்ரிசின் இதற்கு அவ்வளவாக உதவாது. பட்ட பொருளை விலக்குவதும், மருத்துவர் சொல்லும் களிம்பை அவர் சொன்ன நாளுக்கு மட்டும் போடுவதும்தான் வழி. ஸ்டீராய்டு கலந்த பல களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018-ல் உத்தரவு போட்டது. இருந்தும் சீட்டில்லாமல் வாங்கி முகத்தில் பூசித் தோல் மெலிந்து சிவந்துபோன இளம்பெண்களை எல்லா ஊரிலும் பார்க்க முடிகிறது. ஊர் பேர் இல்லாத லேகியங்களும் அப்படித்தான். சித்த மருத்துவம் வேண்டும் என்கிறவர்களுக்கு எங்கள் பக்கத்திலேயே பாளையங்கோட்டையில் 1964-லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே பட்டம் படித்த மருத்துவரைப் பார்க்கலாம். பஸ் நிலையத்தில் விற்கிற உருண்டையில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

தடிப்போடு சேர்ந்து குரல் கம்மினாலோ, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, வாந்தியும் கிறுகிறுப்பும் வந்தாலோ அது வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயம் இல்லை. அப்போது உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்புறத் தசையில். அவிலும் செட்ரிசினும் அந்த நேரத்துக்கு உதவாது. ஆளைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும், மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம், எழுந்து நடக்க விடக்கூடாது. அன்றைக்கு இரவு நேரத்தில் எங்கள் ஊரிலிருந்து டவுனுக்குப் போக வாடகைக் காருக்கு ஆள் அனுப்ப வேண்டும். 2008-ல் 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்த பிறகு ஒரு போன் போதும். வெளிநாடுகளில் ஒவ்வாமைக்காரர்கள் பையிலேயே வைத்திருக்கிற பேனா போன்ற அட்ரினலின் ஊசி நம் மருந்துக்கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. தம்பி மகனுக்கு அவனுடைய மருத்துவர் ஆம்பூலையும் சிரிஞ்சையும் எழுதிக்கொடுத்து, எவ்வளவு, எங்கே என்று தம்பிக்கும் அவன் மனைவிக்கும் கையைப் பிடித்துப் பழக்கிவிட்டிருக்கிறார். அந்தச் சின்னப் பெட்டி அவன் பள்ளிப் பையிலும், இன்னொன்று வண்டியிலும் இருக்கிறது. அட்ரினலின் வெயிலில் கெட்டுப்போகும் என்பதால் வண்டியை நிறுத்தினால் பெட்டியையும் கையோடு எடுத்துக்கொள்கிறார்கள்.

அத்தைக்கு ஏழெட்டு வருடத்தில் தானாகவே நின்றுவிட்டது. பலருக்கும் அப்படித்தான் நிற்கும், ஒன்று முதல் ஐந்து வருடத்துக்குள் பெரும்பாலோருக்கு, சிலருக்கு அதைத் தாண்டி. அந்தச் சமயத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு கஷாயத்துக்குப் பெருமை போய்ச் சேர்ந்தது. கத்தரிக்காயை மட்டும் இன்றுவரை அவள் தொடுவதில்லை. இப்போது எண்பதை நெருங்குகிறாள். நான் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும், “வேண்டாம்டி, எதுக்கு அத வம்புக்கு இழுக்கணும்” என்பாள். இத்தனை காலம் அந்தப் பயத்தோடு வாழ்ந்தவளிடம் அதற்குமேல் வற்புறுத்த நான் யார்?

தங்கை மகளுக்குப் போன வருடம் மாப்பிள்ளை பார்த்தார்கள். சொல்லலாமா வேண்டாமா என்று வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. அவளே மாப்பிள்ளையிடம் நேராகச் சொல்லிவிட்டாள். தொற்றாது, தினமும் ஒரு மாத்திரை போடுகிறேன், உதடு வீங்கினால் பயப்பட வேண்டாம், மூச்சு திணறினால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றாளாம். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. முகூர்த்தப் புடவையை அவள் நாடாவை இறுக்காமல் கட்டிக்கொண்டாள். பால், கோதுமை, பருப்பு எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்துவிட்டன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் மாத்திரையைக் குறைத்துப் பார்க்கச் சொல்கிறார். முதல் தடவை குறைத்தபோது கணக்கு மறுபடி இருபதைத் தாண்டியதால் பழையபடி போட்டாள். இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள். இந்த மாதம் இதுவரை குறிப்பேட்டில் பெரும்பாலும் பூஜ்யங்கள்தான். அடுத்த தடவை பார்க்கும்போது முழுவதும் நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்கப் போகிறாள்.